வெள்ளிக்கிழமை வரவேண்டாம், மைத்துனரே!

காரைக்குடி,
திருவள்ளுவர் ஆண்டு 2025 (தங்கள் நாட்காட்டியில் 1994), புரட்டாசித் திங்கள், செவ்வாய்க்கிழமை.

உரைத்துப் பார்த்தாலும் மாற்றுக் குறையாத நெஞ்சம் படைத்த என் மூத்த மைத்துனர், கண்டரமாணிக்கம் பொற்கொல்லர் திருமிகு உடையப்பன் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்தவனும், தமிழ் மேடைகளில் ‘சொல்லிடி’ என்று அழைக்கப்படுபவனும் ஆகிய சேவுகன் தலைதாழ்த்தி வரையும் மடல். இங்கே நான் நலம். என் மகள் முத்துமாரி என்னைக் காட்டிலும் நலம். அங்கே தாங்களும், தங்கள் துணைவியாரும், நிறைசூலியாகிய என் சொர்ணவல்லியும், அவள் வயிற்றில் இருந்தபடியே இத்தனை குழப்பத்துக்கும் தோற்றுவாயாகிய அந்தப் பெயரிடப்படாத பெருமகனோ பெருமகளோ, அவரும் நலமாக இருத்தல் வேண்டும்.

தங்கள் அஞ்சலட்டை நேற்று வந்தது. “மாப்பிள்ளைக்கு. எல்லாம் கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமை வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன். துணிமணி எடுத்து வைக்கவும்.” அவ்வளவே! பொடிப்பொன்னும் கீழே சிந்தாமல் வேலை செய்து பழகிய கை, சொல்லையும் சிந்தவில்லை. ஆனால் ஐயா, ‘எல்லாம்’ என்றால் எது எல்லாம்? யார் வாயிலாகக் கேள்விப்பட்டீர்கள்? நான் அறிவேன். கண்டரமாணிக்கம் பேருந்தின் நடத்துநர் ஐயனார் பயணச்சீட்டு கொடுப்பதைவிடச் செய்தி கொடுப்பதையே தம் கடமையாகக் கொண்டவர். சேவுகன் கூட்டத்தில் வாயைக் கட்டிக்கொண்டு பேசினான், ஊரே சிதறி ஓடியது, பிள்ளை அரண்டு கிடக்கிறது என்று மூன்று செய்திகளை அவர் தங்கள் பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போயிருப்பார். இவற்றுள் முதலிரண்டும் உண்மை. மறுக்கவில்லை. மூன்றாவதும் உண்மையாக இருந்தது, சென்ற சனிக்கிழமை மாலை வரை! அதன்பின் அது பொய். அது எவ்வாறு பொய்யாயிற்று என்பதைத் தாங்கள் அறிந்துவிட்டால், வெள்ளிக்கிழமை பேருந்தில் ஏற மாட்டீர்கள் என்னும் உறுதியோடு எழுதுகிறேன். பொறுமை காக்க. நான் சுருக்கமாகப் பேசிப் பழகியவன் அல்லன்.

சொர்ணவல்லி பேறுகாலத்துக்காகத் தங்கள் இல்லத்துக்குப் புறப்பட்ட காலையை நினைவூட்டுகிறேன். தங்கள் துணைவியார் வாடகைக் காரோடு வந்து, பிள்ளையையும் சேர்த்து அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். நான் மறுத்தேன். “ஒன்றாம் வகுப்பேயாயினும் கல்வி தடைப்படலாமா? தாய் பேணுவாள், தந்தை பேணமாட்டானா? யார் சொன்னது? எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது?” என்று வாசலில் நின்று முழங்கினேன். கார் ஓட்டுநர் கைதட்டினார். சொர்ணவல்லி கைதட்டவில்லை. “பேச்செல்லாம் சரி. பிள்ளைகிட்ட மெதுவாப் பேசுங்க. நீங்க சும்மா பேசுனாலே அதுக்குச் சண்டை போடுற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு, காரின் பெட்ரோல் நெடி தாங்காமல் முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போனாள். முத்துமாரி அழவில்லை. நான் அதை என் பேச்சின் வெற்றி என்று கருதினேன்.

அடுத்த நாள்தான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் தெருமுனைப் படிப்பகத்தில் ஒவ்வொரு காலையும் நாளேட்டை நான் உரக்க வாசிப்பது தாங்கள் அறிந்ததே. எழுத்தறியாதோரும், எழுத்தறிந்தும் கண்ணாடியை வீட்டில் மறந்தோரும், கண்ணாடி இருந்தும் என் குரலுக்காகவே வருவோரும் பலகையில் அமர்ந்திருப்பார்கள். முத்துமாரி என் பக்கத்தில் வடையோடு இருப்பாள். அன்று முதற்பக்கத்தில், சூரத்து நகரத்தில் எலியால் பரவும் கொள்ளைநோய். அச்சில் இருந்ததோ, ‘நோய்க்கு அஞ்சி மக்கள் தொடர்வண்டிகளில் ஊரைவிட்டு வெளியேறி வருகின்றனர், பலர் முகத்தைத் துணியால் மூடியிருந்தனர்’ என்னும் உப்புச் சப்பற்ற தொடர். அதை அப்படியே வாசித்தால் நான் எதற்கு? “ஓடுகிறார்கள்! ஓடுகிறார்கள்! முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிறார்கள்! கட்டிய வீட்டை விட்டு, வளர்த்த மாட்டை விட்டு, கையில் கிடைத்த பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்! எலி செத்து விழுகிறது! மனிதன் எழுந்து ஓடுகிறான்!” என்று வாசித்தேன். மாடும் பையும் செய்தியில் இல்லை, நடைக்காகச் சேர்த்தேன். படிப்பகம் உறைந்துபோயிற்று. எதிர்ச்சாரியில் வடை சுடும் நாகவல்லி எண்ணெய் புகைவதையும் மறந்து, “அடி ஆத்தீ” என்று மார்பில் கை வைத்தார். அப்படி ஓர் அமைதியை நான் பேசிய பள்ளத்தூர்ப் பொங்கல் விழாவிலும் கண்டதில்லை.

அன்று மாலை நான் பணிபுரியும் மரக்கடையிலிருந்து வீடு திரும்பினால், முத்துமாரி மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய மரப்பாச்சிக்கும் கட்டியிருந்தாள். அண்டை வீட்டு ஆட்டுக்குட்டிக்கும் கட்டியிருந்தாள்; அது அதைத் தின்றுகொண்டிருந்தது. நன்றாகத்தான் கட்டியிருக்கிறாளே என்று அருகில் போய்ப் பார்த்தால், ஐயா, அது துணியன்று! பள்ளத்தூர் மன்றத் தலைவர் தம் கையால் என் தோளில் அணிவித்த பொன்னாடை! அதைக் கத்தரிக்கோலால் பட்டை பட்டையாக நறுக்கியிருந்தாள். “உங்களுக்கும் ஒண்ணு வெட்டி வச்சிருக்கேன்ப்பா” என்று சரிகைக் கரை உள்ள துண்டை நீட்டினாள். கரை எனக்கு. அந்த அளவில் மதிப்பு தெரிந்த பிள்ளை.

மறுநாள் சகாயம்மாள் ஆசிரியை வந்தார். அண்டை வீட்டார், ஆட்டுக்குட்டி அவருடையது, முத்துமாரிக்கு ஒன்றாம் வகுப்பு எடுப்பவரும் அவரே, நான் வரும்வரை மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரும் அவரே. “சார், இன்னிக்கு வகுப்பே அழுகைக் காடா ஆயிருச்சு. உங்க மக பெஞ்சு மேல ஏறி நின்னு, கைய ஓங்கிக்கிட்டு, ‘ஓடுகிறார்கள்! ஓடுகிறார்கள்!’னு பேசுனா. பிள்ளைக பூராம் பையத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடிருச்சுக” என்றார். நான் பதறிப்போனேன். “உச்சரிப்பு சரியாக இருந்ததா, அம்மா?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விளக்க எனக்குச் சொல் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் எழுதமாட்டேன்.

அன்றே அச்சத்தைக் களைவது என்று உறுதி பூண்டேன். எதைக் கொண்டு களைவது? என்னிடம் இருப்பது ஒரே படைக்கலம். பிள்ளையைக் கட்டிலில் அமர்த்தி, எதிரே நின்று, தொண்டையைச் செருமி, “அஞ்சாதே, மகளே!” என்று தொடங்கினேன். கொள்ளைநோயை மனித இனம் வென்றுவிட்டது என்றேன். அதற்கு முன் வாந்திபேதி வந்து ஊர் ஊராக அழித்ததே, அதையும் வென்றோம் என்றேன். அம்மை வந்து வீட்டுக்கு வீடு வேப்பிலை தொங்கியதே, அதையும் வென்றோம் என்றேன். யானைக்கால் நோயை வெல்லப் போகிறோம் என்றேன். பேச்சு உச்சத்தை எட்டியபோது அடுக்களையில் ஒரு தட்டு தானே விழுந்தது. முத்துமாரி எல்லாவற்றையும் உற்றுக் கேட்டாள். துணியை இன்னொரு முடிச்சு இறுக்கிக் கட்டிக்கொண்டு, “யானைக்கால்னா என்னப்பா?” என்றாள். காலையில் ஓர் அச்சத்தோடு எழுந்த பிள்ளை, இரவில் நான்கோடு படுத்தாள்.

அடுத்து எலி. இங்கே நான் உண்மையை மறைக்கப் போவதில்லை. ஏனெனில் ஐயனார் அதையும் சொல்லியிருக்கக்கூடும். நம் வீட்டில் எலியே இல்லை என்று காட்டிவிட்டால் பிள்ளை தேறிவிடுவாள் என்று, ஞாயிற்றுக்கிழமை பகலில் அவளையும் கையோடு அழைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகக் காட்டினேன். “பார், இங்கே இல்லை. பார், அங்கும் இல்லை.” கடைசியில் பழைய கூட்ட அறிவிப்புத் தாள்களின் கட்டைத் தூக்கி, “இதோ, இங்கும்” என்றேன். இருந்தது. தாள்களைக் கொறித்துக் கூடு கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அதன்பின் என்ன நடந்தது என்பதில் எனக்கும் தெருவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. நான் நிலைமையை உயரமான இடத்திலிருந்து ஆராய்வதற்காக மேசை மேல் ஏறினேன் என்பது என் தரப்பு. “யாத்தே, எலிடா! எலிடா!” என்று அலறிக்கொண்டு ஏறினேன் என்பது தெருவின் தரப்பு. சகாயம்மாள் ஆசிரியை துடைப்பத்தோடு வந்து அதை விரட்டினார். முத்துமாரி தரையிலேயே நின்றிருந்தாள், கத்தவில்லை, என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவள் என் வேட்டித் தலைப்பை விடவில்லை. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, “அப்பா, இருக்கீகளா?” என்பாள். “இருக்கிறேன்” என்பேன். ஒரு குவளை ஊற்றுவதற்குள், “அப்பா, இன்னும் இருக்கீகளா?” என்பாள். பள்ளிக்கு அனுப்புவதற்குள் எனக்கு மரக்கடைக்கு நேரமாகிவிடும். சோற்றில் பாதியை மீதம் வைத்தாள். இதற்கெல்லாம் காரணம் அண்டை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிதான் என்று நான் முடிவு கட்டினேன். நேரே போய், “அம்மா! பிஞ்சு உள்ளங்களில் நஞ்சைப் பாய்ச்சும் அந்தப் பெட்டியை இன்றே அணைக்க வேண்டும்!” என்று முழங்கினேன். சகாயம்மாள் ஆசிரியை புளி கரைத்துக்கொண்டிருந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. “சேவுகன் சார், பிள்ளை இருக்கையில நான் செய்தியே போடுறது இல்ல. போட்டாலும் அந்தச் செய்தி வாசிக்கிற பொண்ணு, யாருக்கோ வந்த சேதி மாதிரி சிவனேன்னு வாசிச்சிட்டுப் போகுது. நீங்க வாசிச்சா எங்க வீட்டு ஓடு அதிருது. பிள்ளை பயந்தது டிவிக்கு இல்ல சார்” என்றார். “அப்படியாயின் தீர்வு என்ன?” என்றேன். “எதுக்குப் பயப்படுதுன்னு அதுகிட்ட ஒரு தடவ கேட்டீகளா? நீங்களே பேசிக்கிட்டிருந்தா அது எப்பப் பேசும்?” என்றார். “கேட்பது அவையின் வேலை, பேசுவது என் வேலை” என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்ல தொடர்தான். ஆனால் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதன் சூடு ஆறிவிட்டது.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கல்லுக்கட்டிக் கடைத்தெருப் பக்கம் எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டுவிழா. சிறப்புரை சொல்லிடி சேவுகன். தலைப்பு, ‘அஞ்சா நெஞ்சம்’. சுவரெங்கும் அறிவிப்பு. புறப்படும்போது முத்துமாரி வாசலை மறித்தாள். “துணி கட்டாமப் போகக் கூடாது. அங்குட்டு நிறைய ஆளுக வருவாக.” மேடையேறியதும் அவிழ்த்துவிடலாம் என்று கட்டிக்கொண்டேன். அவளோ முன்வரிசையில், நேர் எதிரே, மரப்பாச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் கை துணிப்பக்கம் போகும்போதெல்லாம் அவள் கண் நிறைந்தது. கை இறங்கினால் கண் வற்றியது. விருந்தினராக வந்திருந்த பள்ளத்தூர் மன்றத் தலைவர் வேறு என் அருகில் அமர்ந்து, என் மூக்கின்மேல் இருந்த சரிகைக் கரையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். வேறு வழியில்லை. கட்டியபடியே பேசத் தொடங்கினேன்.

ஐயா, என் சொற்கள் துணியைத் தாண்டவில்லை! வாயில் பருத்திப் பொதியை அடைத்ததுபோல் ஓர் ஓசை மட்டுமே வந்தது. ஒலிபெருக்கி வைத்திருக்கும் சின்னச்சாமி விசையைத் திருகித் திருகி ஏற்றினான், குழாய் வீரிட்டது. நான் கையை ஓங்கினேன். கண்ணை உருட்டினேன். மேசையைக் குத்தினேன். அவையில் சலசலப்பு. “என்னய்யா, வாயக் கட்டிருக்காரு?” என்றார் ஒருவர். “இத்தனை வருசத்துல இந்த மனுசன் வாய மூடிப் பாத்திருக்கீகளா?” என்றார் மற்றவர். “மூடியிருக்காருன்னா சும்மாவா? நோய் இங்குட்டு வந்துருச்சுய்யா! நம்மகிட்டச் சொல்லத்தான் கையக் கைய ஆட்டுறாரு!” அவ்வளவுதான். ‘அஞ்சா நெஞ்சம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய துணிப் பதாகையின் கீழே ஒரு கூட்டம் எழுந்து ஓடியதை அன்றுதான் கண்டேன். துண்டால் மூக்கை மூடுவோர், முந்தானையால் மூடுவோர், செருப்பை விட்டோர், அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டோர்! தலைவர் மேடையின் பின்பக்கமாகக் குதித்தார். வேட்டியின் ஒரு பகுதி ஆணியில் நின்றுவிட்டது. “ஓடாதீர்கள்! நில்லுங்கள்!” என்று நான் கத்தினேன். துணிக்குள்ளிருந்து அது எப்படிக் கேட்டதோ, இன்னும் வேகமாக ஓடினார்கள். சின்னச்சாமி மட்டும் அசையவில்லை. “பெட்டியப் போட்டுட்டு நான் எங்கிட்டு ஓடுறது?” என்று அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

கவிழ்ந்த நாற்காலிகளுக்கு நடுவே முத்துமாரி மட்டும் உட்கார்ந்திருந்தாள். எழுந்து மேடைக்கு வந்தாள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒலிவாங்கியும் கையோடு வந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. சகாயம்மாள் ஆசிரியையின் சொல் நினைவுக்கு வந்ததா, அல்லது பேச எதுவும் மிச்சமில்லாமல் போயிற்றா, தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அவள்தான் தொடங்கினாள்.

“அப்பா, எல்லாரும் ஓடிட்டாக.”

“ஆமாம்.”

“நீங்களும் ஓடிருவீகளா?”

“நான் ஏன் ஓடப்போகிறேன்?”

“அன்னிக்கு எலி வந்தப்ப மேசை மேல ஏறுனீகள்ல? நீங்க மட்டுந்தான ஏறுனீக? என்னையத் தூக்கலைல?”

நான் எத்தனையோ குறுக்குக் கேள்விகளுக்கு மேடையிலேயே விடை கொடுத்தவன். இதற்கு, படியில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

“அம்மாவும் அப்படித்தானப்பா போச்சு. மூக்க மூடிக்கிட்டு, பையத் தூக்கிக்கிட்டு. நீங்க பேப்பர்ல வாசிச்சீகள்ல, அதே மாதிரி. என்னையத் தூக்கல.”

மைத்துனரே, அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. பிள்ளை அஞ்சியது சூரத்து நோய்க்கன்று. எலிக்குமன்று. ஊரில் எல்லாரும் மூக்கை மூடிக்கொண்டு ஓடுவார்கள், தன்னை மட்டும் கீழே விட்டுவிடுவார்கள் என்பதற்கு அஞ்சியிருக்கிறாள். அந்தப் பையைச் செய்தியில் சேர்த்தவன் நான். நடைக்காகச் சேர்த்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அந்தப் பை! துணியை அவிழ்த்தேன். நான் பேசியது எந்தத் தமிழ் என்று கேட்காதீர்கள். அன்று இலக்கணம் பார்க்க நேரமில்லை.

“இல்லத்தா. அம்மா ஓடல. அம்மாவுக்குப் பாப்பா பொறக்கப் போகுது, அதுக்குத்தான் மாமா வீட்டுக்குப் போயிருக்கு. கார் நெடி ஆகாது, வாந்தி வரும். அதான் மூக்க மூடுச்சு. உன்னையும் கூட்டிட்டுப் போறேன்னுதான் அத்தை சொன்னாக. நான்தான் விடல.”

“ஏன் விடல?”

“நீயும் போயிட்டா நான் ஒத்தையில இருக்கணும்ல?”

அவள் மரப்பாச்சியை என் மடியில் வைத்தாள். “அந்த நோய் இங்குட்டு வருமா?”

வரவே வராது என்று மேசையைக் குத்திச் சொல்ல நா எழுந்தது. ஆனால் அவள் என் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அது ரொம்பத் தூரத்துல இருக்கு. அங்க டாக்டருக மருந்து குடுத்துக்கிட்டு இருக்காக. இங்க வரும்னு யாரும் சொல்லல. அப்படியே வந்தாலும் நாம டாக்டர்கிட்டப் போவோம். ரெண்டு பேரும் போவோம்.”

“தூக்கிக்கிட்டா?”

“தூக்கிக்கிட்டு.”

“அப்பச் சரி” என்றாள். தன் முகத்துத் துணியை அவிழ்த்து மரப்பாச்சிக்குச் சேலையாகச் சுற்றினாள்.

அப்போதுதான் சின்னச்சாமி மூக்கை உறிஞ்சும் ஓசை நான்கு குழாய்களிலும் கேட்டது. ஒலிபெருக்கிப் பெட்டியை அவன் அணைக்கவே இல்லை! நாங்கள் பேசிய அத்தனையும் கல்லுக்கட்டி முழுதும் கேட்டிருக்கிறது. சந்து பொந்துகளில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற கூட்டம், நோயும் இல்லை, நொடியும் இல்லை என்று அறிந்து, அசடு வழிய ஒவ்வொருவராகத் திரும்பியது. நாகவல்லி நாற்காலிகளைத் தாண்டி வந்து, “ஏத்தா முத்துமாரி, உங்கப்பன் தூக்காட்டிப் போறான், நான் தூக்கிக்கிட்டு ஓடுறேன்டி! உங்கப்பனையும் சேத்து இடுப்புல வச்சுக்கிட்டு ஓடுறேன்!” என்றார். பிள்ளை சிரித்தாள். ஐயா, சொர்ணவல்லி போன நாளிலிருந்து கேட்காத சிரிப்பு! தலைவர் கிழிந்த வேட்டியோடு வந்து என்னைத் தழுவிக்கொண்டு, “என் பொன்னாடைய வெட்டுன விசயத்துக்கு அப்புறமா வாரேன்” என்று காதில் சொன்னார். சின்னச்சாமி, “அண்ணே, நீங்க பேசுனதுலயே இன்னிக்குப் பேசுனதுதான் எனக்கு வெளங்குச்சு” என்றான். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்ள?

அன்றிலிருந்து நம் இல்லத்தில் ஒரு புதிய ஒழுங்கு நிலவுகிறது. நாளேட்டை முதலில் எனக்குள் வாசிக்கிறேன். பிறகு, “என்னப்பா போட்டிருக்கு?” என்று பிள்ளை கேட்பதற்கு மட்டும், அச்சில் உள்ளதை மட்டும், மாடும் பையும் சேர்க்காமல், ஒருமுறை சொல்கிறேன். அதன்பின் நாளேட்டை மடித்துவிட்டு ஏதேனும் வேலை செய்கிறோம். வாசற் சாக்கடையை வாரினோம். எலி வளைகளில் ஓட்டுச் சில்லும் சிமிட்டியும் இட்டு அடைத்தோம்; கலவையில் கைவிரலை அழுத்தி அவள் முத்திரை வைத்தாள். நேற்று ஒரு தொடர்வண்டி வரைந்தாள். அதில் எல்லாரும் ஊருக்குத் திரும்பி இறங்குகிறார்கள். கடைசிப் பெட்டியிலிருந்து ஆட்டுக்குட்டியும் இறங்குகிறது. இத்துடன் வைத்திருக்கிறேன், சொர்ணவல்லியிடம் கொடுங்கள். படிப்பகத்தில் மட்டும் முணுமுணுப்பு. “என்னய்யா, எழவு வீட்டுல பேசுற மாதிரி வாசிக்கிறீக? வடைக்குக் குடுத்த காசு வீணாப் போச்சு” என்கிறார்கள். என் மகள் தூங்குகிறாள், அவர்கள் முணுமுணுக்கட்டும்.

எனவே, ஐயா, தங்களை இருகை கூப்பி வேண்டுகிறேன். வெள்ளிக்கிழமை வராதீர்கள். தாங்கள் அன்போடுதான் வருவீர்கள். பிள்ளை காண்பது அன்பையன்று. இன்னொருவர் வந்தார், இன்னொரு பையைத் தூக்கினார், அப்பா வாசலில் நின்று கையசைத்தார் என்றுதான் காண்பாள். தூக்கிக்கொண்டு போவேன் என்று நான்கு குழாய் வழியாக ஊரறியச் சொல்லியிருக்கிறேன். என் வாழ்நாளில் நான் மேடையில் கொடுத்த வாக்குகள் பல. காப்பாற்ற வேண்டும் என்று நெஞ்சு துடிப்பது இந்த ஒன்றுக்குத்தான். மகப்பேற்றுச் செய்தி வந்ததும் நானே அவளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஐயனார் பேருந்திலேயே வந்து இறங்குவேன். அதுவரை ஐயம் வேண்டா. பிள்ளை முற்றிலும் தேறிவிட்டாள். எலித் தொல்லை அடியோடு ஒழிந்தது. நானும் எலிக்கு அஞ்சுபவன் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இப்போது எங்கள் இல்லத்தில் மேசை, எழுதுவதற்கு மட்டுமே பயன்படுகிறது.

தங்கள் உலைத்தீ அணையாமலும், துணைவியாரின் கைவளை ஓயாமலும், சொர்ணவல்லியின் பேறு நோவின்றியும், வருகின்ற குழந்தை என் குரலோடன்றி அதன் தாயின் குரலோடும் பிறக்க வாழ்த்தி, வணங்கி நிற்கும்,

தங்கள் மாப்பிள்ளை,
சொல்லிடி சேவுகன்

பின்குறிப்பு: எழுதியதை வாய்விட்டு வாசித்துச் சரிபார்ப்பது என் வழக்கம். முத்துமாரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தானும் மாமாவுக்கு எழுதவேண்டும் என்கிறாள். எழுத்துக் கூட்ட இன்னும் வராததால் அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு சொல்லும் மாற்றக்கூடாது என்பது ஆணை. தாடையை என் தோளில் ஊன்றிக்கொண்டு பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்:

“மாமா, நல்லாருக்கீகளா? அம்மா நல்லாருக்கா? அப்பா எலி இல்லேன்னு எழுதியிருக்காக. எலி இருக்கு. நேத்தும் வந்துச்சு. அப்பா மறுபடியும் கத்திக்கிட்டு மேசை மேல ஏறிட்டாக. ஆனா என்னையத் தூக்கிக்கிட்டு ஏறுனாக. டீச்சர் வந்து வெரட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் மேசை மேலயே உக்காந்து முறுக்குத் தின்னோம். எனக்குப் பயம் போயிருச்சு. அப்பாவுக்குப் போகல. ஒத்தையில விட்டுட்டு வர முடியாது. நீங்க வெள்ளிக்கிழமை கட்டாயம் வாங்க. என் துணிமணியெல்லாம் எடுத்து வைக்க மாட்டேன். வர்றப்ப ஒரு பூனை கொண்டாங்க.”